செகண்ட்ஸ் பிளாங்கில் தூண்டில் ராட் கட்டுவது: வாங்குவதிலிருந்து கடைசிப் பூச்சு வரை

திருப்பூர் பனியனில் செகண்ட்ஸ் என்று ஒரு ரகம் உண்டு. சாயம் ஒரு ஷேடு மாறியிருக்கும், தையல் கொஞ்சம் விலகியிருக்கும். போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தூண்டில் ராட் செய்யும் ஆலைகளிலும் இந்தக் கதை உண்டு. நூல் ஓடும் வளையமான கைடு, ரீலைப் பூட்டும் ரீல் சீட், பிடி எதுவும் ஏறாத வெறும் கோலுக்கு பிளாங்க் என்று பெயர். ஆலையின் சோதனையில் தள்ளப்பட்ட பிளாங்குகள் 'செகண்ட்ஸ்', 'பிளெம்' என்ற பெயரில் நல்ல தள்ளுபடிக்கு வரும். அதில் பெரும்பாலானவை பார்வைக்குத்தான் குறை. சில, மீன் இழுக்கும்போது கையிலேயே உடையும் ரகம். இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ராடை வைத்துக்கொள்வோம். 7 அடி, இரண்டு துண்டு, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஸ்பின்னிங் ராட். 2500 அல்லது 3000 அளவு ரீல், 20 பவுண்ட் பிரெய்டு (பின்னல் நூல்). முகத்துவாரத்தில் கொடுவாய்க்கும் ஏரியில் விராலுக்கும் நம் ஊரில் அதிகம் கையாளப்படும் அளவு இதுதான்.

குறை எங்கே உருவாகிறது

கார்பன் நாரை ரெசினில் நனைத்த துணியை ஒரு வடிவத்தில் வெட்டி, கூம்பலான எஃகுக் கம்பியின் மேல் இறுக்கமாகச் சுற்றுகிறார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி அடுப்பில் வேகவைத்து, நடுக்கம்பியை உருவி எடுக்கிறார்கள். பிறகு நாடா பதிந்த வரிகளைத் தேய்த்து, பெயின்ட் அடிப்பார்கள். தேய்ப்பது ஏறுமாறாகப் போனால் வரி வரியாகத் தெரியும். பெயின்ட் வழிந்தால் சொட்டு நிற்கும். வேகும்போது கோல் லேசாக வளைந்துகொண்டால் நுனி ஒரு பக்கம் சாயும். இரண்டு துண்டுக்கும் நிறம் ஒத்துப்போகாது, லேபிள் ஒட்டாமல் விட்டிருப்பார்கள், நீளம் அரை அங்குலம் கூடக் குறைய இருக்கும். இதெல்லாம் ராடைப் பாதிக்காத குறைகள்.

பாதிக்கும் குறைகள் வேறு: நார் நசுங்கிய பள்ளம், நீளவாக்கில் ஓடும் கீறல், அதிகம் தேய்த்து நார் அறுந்த இடம், சுற்றுக்கு நடுவே ரெசின் சேராத வெற்றிடம், இரண்டு துண்டும் சொருகிச் சேரும் ஃபெரூலின் வாயில் விரிசல். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. மாடுலஸ், அதாவது நாரின் விறைப்பு, கூடக் கூட, அதே பவருக்குச் சுவர் மெலிதாக இருந்தால் போதும். கோல் எடை குறையும், அடி தாங்குவதும் குறையும். அதனால் முதல் செகண்ட்ஸ் ராடுக்கு மிக உயர்ந்த மாடுலஸ் பிளாங்க் எடுக்காதீர்கள். நடுத்தர கார்பன் அல்லது கண்ணாடி நார் கலந்த பிளாங்க் மன்னிக்கும் குணம் உள்ளது. விளம்பரத்தில் ஐஎம்6, ஐஎம்7 என்று பார்ப்பீர்கள். அவை ஹெக்ஸெல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நார் ரகங்களின் பெயர்கள். பிளாங்கின் தரத்துக்கு யாரும் கொடுத்த மதிப்பெண் அல்ல.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். குறை என்ன, எந்த இடத்தில்? திருப்பித் தரலாமா? வாரண்டி உண்டா? செகண்ட்ஸுக்குப் பெரும்பாலும் வாரண்டி இருக்காது, அதில் தப்பில்லை. ஆனால் குறை என்னவென்றே சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

பார்சல் வந்தவுடன்

பசை தொடும் வரைதான் பொருளைத் திருப்பித் தர முடியும். எனவே எல்லாச் சோதனையும் முதல் நாளிலேயே.

முதலில் ஈரத் துணியால் துடைத்து, வெயில் வெளிச்சத்தில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். அடுத்து ஒரு பஞ்சுத் துண்டைக் கோலைச் சுற்றிப் பிடித்து அடியிலிருந்து நுனி வரை இழுங்கள். பஞ்சு எங்காவது மாட்டி இழை நின்றால் அங்கே நார் வெளியே வந்திருக்கிறது. பெயின்ட் கீறலா, நார்க் கீறலா என்று சந்தேகம் வந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பதும் இதுதான். மேற்பரப்பில் ஆல்கஹால் சில நொடிகளில் காய்ந்துவிடும். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய ஈரம் கொஞ்ச நேரம் கறுத்த கோடாக நிற்கும்.

அப்புறம் காது. கோலை இரண்டு விரலால் லேசாகத் தொங்கவிட்டு, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் ஒரு அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். அடி கனமாக ஒலிக்கும், நுனிப்பக்கம் போகப் போக ஒலி மெலிதாகி ஏறும். இந்த ஏற்றம் சீராக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் 'டப்' என்று செத்த ஒலி வந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு மறுபடி தட்டுங்கள். மீண்டும் அதே ஒலி என்றால் உள்ளே வெற்றிடமோ நசுங்கலோ இருக்கலாம்.

கடைசியாக வளைத்துப் பாருங்கள். இரண்டு துண்டையும் சேர்த்து, நுனியைத் துணி சுற்றி ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, வளைந்த நிலையிலேயே மெதுவாக உருட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். கார்பன் உடைந்தால் சிதறும். வளைவு ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். முழங்கை மடிந்தது மாதிரி ஓரிடம் தனியாக மடங்கினாலோ, 'டிக்' என்று சத்தம் கேட்டாலோ திருப்பி அனுப்புங்கள். ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாமே என்று தோன்றும். பழகிய பழைய ராடுக்கு அது சரி. புதிதாகக் கட்டப்போகும் ராடுக்குச் செய்வது வீண் வேலை.

லேபிள் இல்லாத பிளாங்குக்குப் பவர் பார்ப்பது

செகண்ட்ஸில் பல வெறும் கறுப்புக் கோலாக வரும். எத்தனை பவுண்ட், எத்தனை அவுன்ஸ் என்று எதுவும் இருக்காது. அமெரிக்காவில் வில்லியம் ஹன்னமன் என்பவர் இதற்கு ஒரு எளிய வழி வகுத்தார். கோலைக் கிடையாகப் பிணைத்து, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, நுனி கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் வரை அமெரிக்க சென்ட் நாணயங்களைப் போடுவது. எத்தனை நாணயம் என்பதே பவர்.

நமக்கு நாணயம் வேண்டாம், தண்ணீர் போதும். ஒரு மில்லி ஒரு கிராம். பிளாங்கின் அடியை மேசையில் கிளாம்ப் போட்டுக் கட்டி, நுனியில் ஒரு சிறு பாட்டிலைத் தொங்கவிடுங்கள். 7 அடிக் கோலுக்கு நுனி 71 செ.மீ. இறங்கும் வரை சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றி, பாட்டிலோடு சேர்த்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், பவர் தெரிந்த ராடையும் அதே மாதிரி கட்டிப் பாருங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால், புதுக் கோல் அதைவிட மெதுவா விறைப்பா என்று தெரிந்துவிடும். அச்சடித்த லேபிளைவிட இதை நான் அதிகம் நம்புவேன். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவியாக இருப்பது சகஜம்.

நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். நுனியில் வெட்டினால் கோல் சட்டென்று விறைத்துவிடும். அடியில் வெட்டினால் நுனியின் குணம் அப்படியே இருக்கும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, மெல்லிய அரம் அல்லது டைமண்ட் தட்டால் சுற்றிச் சுற்றி அறுங்கள். கட்டிங் பிளேயர் பக்கம் போகாதீர்கள், நசுக்கிவிடும். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது; மாஸ்க் போட்டு, நீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது.

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும்

துணி சுற்றிய இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதால் கோலின் ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இதற்கு ஸ்பைன் என்று பெயர். நுனியை மேசையில் ஊன்றி, அடியை ஒரு கையில் தளர்வாகப் பிடித்து, நடுவில் இன்னொரு கையால் அழுத்தி உருட்டினால் கோல் ஓரிடத்தில் தானாகத் துள்ளி நிற்கும். ஒரு காலத்தில் ஸ்பைனைப் பார்க்காமல் ராட் கட்டுவது பாவம் என்பார்கள். இப்போது நிறைய பேர் அதை விட்டுவிட்டு, கோல் நேராகத் தெரியும் திசையைப் பிடிக்கிறார்கள். என் கட்சியும் அதுதான். மீன் இழுக்கும்போது ராட் முறுகுவதும் முறுகாததும் கைடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஸ்பைனின் பங்கு அதில் சொற்பம்.

வளைந்த செகண்ட்ஸ் பிளாங்குக்கு இதுவே மருந்து. ஒவ்வொரு துண்டாக எடுத்து, அடியிலிருந்து நுனி நோக்கிக் கண்ணைப் பொருத்தி உருட்டுங்கள். இடது வலது சாய்வு மறைந்து, நுனி லேசாக மேலே தூக்கியபடி தெரியும் நிலையில் நிறுத்துங்கள். ஸ்பின்னிங் ராடில் கைடுகள் கீழ்ப்பக்கம் வரும். அந்த எடை நுனியைக் கீழே இழுத்து, வளைவைப் பெருமளவு நேராக்கிவிடும். அந்த மேல்பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டு, ஃபெரூல் சேரும் இடத்திலும் இரண்டு துண்டுக்கும் ஒரு நேர்க்கோடு போட்டுவிடுங்கள்.

பெயின்ட் குறையை மறைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அடியிலிருந்து 40 செ.மீ. வரை உள்ள எந்தப் பெயின்ட் கீறலும் பிடிக்குள் போய்விடும், அதைப்பற்றிக் கவலையே வேண்டாம். அதற்கு மேலே உள்ள பெயின்ட் சொட்டை 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் நீர் தொட்டுத் தேய்க்கலாம். பெயின்ட் போனவுடன் நிறுத்த வேண்டும். கறுப்புத் தூள் வர ஆரம்பித்தால் நாரைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

மிச்சப்பட்ட பணத்தை எங்கே போடுவது

கைடில். பிளாங்கில் மிச்சம் பிடித்துவிட்டு கைடையும் மலிவாகப் போட்டால் மொத்தத்தில் மலிவான ராட்தான் கிடைக்கும். பிரெய்டு நூல் ஓடும் வளையம் நல்ல செராமிக்காக இருக்க வேண்டும். ஃபூஜியின் அலுமினியம் ஆக்ஸைடு வளையமே பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆல்கனைட் வளையமும் எஸ்ஐசி (சிலிக்கான் கார்பைடு) வளையமும் அடுத்தடுத்த படிகள். உப்புத் தண்ணீர் என்றால் ஃபிரேமைப் பற்றியும் யோசியுங்கள்: டைட்டானியம் துருவே பிடிக்காது, விலை அதிகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

கைப்பிடி

ரீல் சீட் எங்கே வர வேண்டும் என்பதை அட்டவணையில் தேடாதீர்கள். ரீல் சீட்டையும் ரீலையும் டேப்பால் கோலில் கட்டி, ரீலின் தண்டு விரல்களுக்கிடையே வரும்படி பிடியுங்கள். கோலின் அடி முழங்கையைத் தாண்டிக் கொஞ்சமே நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு கையால் வீச வசதி. இரண்டு கையால் வீசுபவருக்கு இன்னும் நீளம் வேண்டும்.

ஈவிஏ நுரைப் பிடி என்றால் துளை, கோலின் விட்டத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. சிறிதாக இருக்கலாம், இழுபடும். கார்க் இழுபடாது, பிளக்கும். அளவாகவே அரைக்க வேண்டும். அரைக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். உடைந்த பழைய ராட் துண்டில் 80 நம்பர் உப்புத்தாள் பட்டையைச் சரிவாகச் சுற்றி ஒட்டினால் அருமையான ரீமர்.

ரீல் சீட்டின் துளை கோலைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை மாஸ்கிங் டேப் வளையங்களால் நிரப்புவது பழைய பழக்கம். கடல் பக்கம் போகும் ராடுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காகிதம் ஈரம் குடித்து நாளடைவில் ஆடத் தொடங்கும். ஜிப்சம் போர்டு இணைப்பில் ஒட்டும் கண்ணாடி நார் வலைப் பட்டையைச் சுற்றி, எபாக்ஸியில் ஊறவிடுங்கள். கல் மாதிரி நிற்கும்.

பசைக்கு மெதுவாக இறுகும் இரண்டு டியூப் எபாக்ஸி. சாதாரண அரால்டைட் போதும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். சீட்டை நேராக்கவே நேரம் தராது, ஈரத்தையும் அவ்வளவாகத் தாங்காது. ஒட்டும் இடத்தில் கோலின் பளபளப்பை லேசாக மங்கலாக்கி, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பின்பிடி, ரீல் சீட், முன்பிடி என்ற வரிசையில் ஏற்றுங்கள். வழிந்த பசையை இறுகும் முன் ஆல்கஹால் துணியால் துடைக்கவும். சீட்டின் நடுக்கோடு, நீங்கள் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு நேர் எதிரில், கீழ்ப்பக்கமாக வருகிறதா என்று மூன்று தரம் பாருங்கள். இங்கே கோணினால் எல்லாமே கோணும்.

கைடுகளின் இடம்

முதலில் நுனிக் கைடு. அதை எபாக்ஸியால் ஒட்டாதீர்கள். சூட்டில் உருகும் பசைக்குச்சியின் துணுக்கை அதன் குழாய்க்குள் போட்டு, குழாயை மட்டும் லைட்டரில் காட்டி, உருகியதும் கோலில் சொருகுங்கள். நாளை உடைந்தால் மறுபடி சூடாக்கிக் கழற்றலாம். கோலை நெருப்பில் காட்டக் கூடாது, ரெசின் வெந்துவிடும்.

மற்ற கைடுகளுக்கு, நுனியிலிருந்து 10, 21, 33, 47, 64, 84, 110 செ.மீ. என்று ஆரம்பியுங்கள். அடியில் வரும் பெரியது 20, அடுத்தது 10, பிறகு எல்லாம் 5.5 அளவு. பிரெய்டின் முனையில் கட்டும் லீடர் நூலின் முடிச்சு தடிப்பாக இருக்கும் என்றால் 6 எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெரூல் சரியாக ஒரு கைடின் இடத்தில் வந்தால் கைடைத்தான் நகர்த்த வேண்டும்.

இந்த அளவுகள் தொடக்கத்துக்குத்தான். சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கி, சிறு வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு கைடின் காலையும் அதில் பிடித்துக்கொள்ளுங்கள். ரீலிலிருந்து நூலை ஓட்டி, முனையைத் தரையில் ஒரு எடையில் கட்டி, ராடை நன்றாக வளையுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நூல் கோலின் வளைவை ஒட்டிச் செல்ல வேண்டும். ஒரு கைடில் மட்டும் நூல் கூர்மையாக மடிந்தால் அங்கே இடைவெளியைக் குறையுங்கள். செகண்ட்ஸ் கோலில் வளைவு எதிர்பார்த்தபடி இல்லாமல் இருக்கலாம் என்பதால் இந்தச் சோதனையை அவசரப்படுத்த வேண்டாம். பிறகு மொட்டை மாடியில் நாலு முறை மெதுவாக வீசியும் பாருங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

நூல் சுற்றுதல்

சுற்றும் முன் ஒவ்வொரு கைடின் கால் நுனியையும் அரத்தால் சீவி மெலிதாக்குங்கள். நூல் தாண்டாமல் ஏறும். அடிப்பக்கத்தில் பிசிறு இருந்தால் அதையும் தேயுங்கள். அந்தப் பிசிறு கோலைக் கீறிக்கீறி, ராட் பின்னாளில் அங்கேதான் உடையும்.

அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கச் சுவரில் 'வி' வடிவில் வெட்டினால் ஸ்டாண்ட் தயார். நூல்கண்டை ஒரு குவளையில் போட்டு, நூலைக் கனமான பழைய டைரியின் பக்கங்களுக்கு நடுவே விட்டு இழுத்தால் இழுவிசை கிடைக்கும். ராட் கட்டும் நைலான் அல்லது பாலியஸ்டர் நூலில் ஏ அளவு போதும். பருத்தி நூல் வேண்டாம். சாதாரண நைலான் நூல் எபாக்ஸி பட்டவுடன் கறுத்துக் கண்ணாடி போல ஆகிவிடும். நிறம் மாறக் கூடாது என்றால் என்சிபி ரக நூல் கேளுங்கள்.

காலுக்கு வெளியே 4 மி.மீ. தள்ளித் தொடங்குங்கள். நூலைக் கோலைச் சுற்றி அதன் மேலேயே ஏற்றி, ஐந்தாறு சுற்று வந்ததும் வால் நூலைப் பிளேடால் நறுக்குங்கள். கோலை உங்கள் பக்கமாக உருட்டிக்கொண்டே கால் மேல் ஏறிப் போங்கள். முடிய எட்டுச் சுற்று இருக்கும்போது, மடித்த நூல் கண்ணி ஒன்றை மேலே வைத்து அதன் மேலேயே சுற்றுங்கள். கடைசியில் நூலை வெட்டிக் கண்ணிக்குள் விட்டு, கண்ணியை இழுத்தால் வால் உள்ளே புதைந்துவிடும். பேனா மூடியால் சுற்றுகளைத் தேய்த்தால் இடைவெளி மூடிக்கொள்ளும். சுற்றிய பிறகும் கைடைக் கட்டைவிரலால் தள்ளினால் மயிரிழை நகர வேண்டும், அந்த இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்குவது கோலுக்குக் கெடுதல்.

ஃபெரூலின் பெண் வாயில், கைடு இல்லாவிட்டாலும் 2 செ.மீ. அகலத்துக்கு நூல் சுற்றுங்கள். செகண்ட்ஸ் கோலில் இதைத் தவிர்க்கவே கூடாது. வீசும்போது பிளக்க முயலும் வாய் அதுதான். ஃபெரூல் லேசாக ஆடினால் ஆண் பகுதியில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும்.

எபாக்ஸிப் பூச்சு

முதல் ராட் கட்டுபவர்கள் அதிகம் திண்டாடுவது இங்கேதான். பெரும்பாலும் அதற்குக் காரணம் அளவும் ஈரமும். ராட் பூச்சுக்கென்று வரும் எபாக்ஸியை வாங்கி, கொள்ளளவில் சரிக்குச் சரி எடுங்கள். கண் அளவு உதவாது, சிரிஞ்சு வேண்டும். அதுவும் ரப்பர் இல்லாத, முழு பிளாஸ்டிக் சிரிஞ்சு. மருந்துக்கடைச் சிரிஞ்சின் ரப்பரில் தடவியிருக்கும் சிலிக்கான் எபாக்ஸியில் கலந்தால், பூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

நான்கைந்து நிமிடம் நிதானமாகக் கலக்கி, அலுமினியத் தாளில் மெல்லிசாகப் பரப்புங்கள். குமிழ் உடையும், வேலை செய்ய நேரமும் கூடும். கிண்ணத்தில் குவியலாக விட்டால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகிவிடும்; சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். மழைக்காலத்தில் வேறு தொல்லை: காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு பால்போல மங்கி, மேலே பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கட்டினால் ஏசி அறையில் செய்யுங்கள், அல்லது வெயில் வரும் வரை காத்திருங்கள்.

முதல் பூச்சு மெலிதாக, நூலுக்குள் இறங்கும்படி. கைடு காலின் இருபுறச் சுரங்கத்திலும் எபாக்ஸி போக வேண்டும். அங்கே காற்று தங்கினால் பின்னாளில் உப்புத் தண்ணீர் தங்கும். பூசியதும் கோல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் வழிந்து தொங்கும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுச் சுற்றும், வேலைக்கு அது கச்சிதம். எந்த வோல்டேஜில் ஓடுவது என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு இணையுங்கள். மோட்டார் இல்லையா, கையால் சில நிமிடத்துக்கு ஒரு முறை அரைச்சுற்று என்று, எபாக்ஸி ஓடாமல் நிற்கும் வரை திருப்பிக்கொண்டே இருங்கள். குமிழ் தெரிந்தால் லைட்டர் சுடரைக் கீழிருந்து ஒரு நொடி காட்டி எடுத்தால் போதும்.

மறுநாள், நகம் பதியாத அளவுக்கு இறுகியதும், இரண்டாவது பூச்சு. அதற்கு முன் கோலில் பவரையும் தேதியையும் எழுத ஆசைப்பட்டால் வெள்ளை மார்க்கரால் எழுதுங்கள், பூச்சு அதை மூடிக்கொள்ளும். லேபிள் இல்லாமல் வந்த கோல்தானே, தண்ணீர் பாட்டிலில் எடுத்த எண்ணையே எழுதலாம்.

பூச்சு தொட்டால் ஒட்டாது என்பதற்காக மறுநாளே கடலுக்குப் போகாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் நூலை ஓட்டி, ராடைப் பாதி வளைவு, முக்கால் வளைவு என்று படிப்படியாக வளைத்துப் பாருங்கள். கைடு காலின் முனையில் 'டிக்' என்று சின்னச் சத்தம் வந்து, பூச்சில் மயிரிழைக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது எபாக்ஸி விட்டுக்கொடுப்பது, கோல் அல்ல. கோடு பெரிதாகத் தெரிந்தால் அந்தக் கைடுக்கு மட்டும் மெலிதாக இன்னொரு பூச்சு. அதே சத்தம் கைடே இல்லாத வெற்றுக் கோலிலிருந்து வந்தால் அதோடு நிறுத்துங்கள்: கைடுகளை வெட்டி எடுத்து அடுத்த பிளாங்குக்கு வைத்துக்கொள்ளலாம்.